தியேட்டரில் காதைப் பொத்தி அழும் பிள்ளை... அது அடம் இல்லை, அவஸ்தை!

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மெரினா. லீவு விட்டால் சினிமா. பொங்கல் சமயத்தில் தீவுத்திடல் பொருட்காட்சி. வாரம் முழுக்க உழைத்துக் களைக்கிற குடும்பங்களுக்கு சென்னையில் இருக்கிற பொழுதுபோக்கு இவ்வளவுதான்.

இதுகூட கிடைக்காத வீடுகளும் இருக்கின்றன. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு என்று வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகள்தான் அவை.

ஆசைப்பட்டு ஒருநாள் டிக்கெட் எடுத்து உள்ளே போவார்கள். விளக்கு அணையும். ஸ்பீக்கர் அதிரும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தும். முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஏம்மா, பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்பார். பாதிப் படத்திலேயே குடும்பம் வெளியே வந்துவிடும். அதோடு சரி, அதற்கப்புறம் அந்த வீட்டில் சினிமா பேச்சே கிடையாது. மற்ற பிள்ளைகளை அப்பா வெளியே கூட்டிப் போனால், இந்தப் பிள்ளையோடு அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இந்த நிலைமையை மாற்ற கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் மாற்றினாலே பல பிள்ளைகள் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். வெளிநாடுகளில் பல ஊர்களில் இது நடக்கிறது. 'சென்சரி பிரண்ட்லி' என்று இதற்குப் பெயர். காதுக்கும் கண்ணுக்கும் உறுத்தாத ஏற்பாடு என்று புரிந்துகொள்ளலாம்.

அடமா, அவஸ்தையா?

காது, கண், மூக்கு, நாக்கு, தோல் எல்லாம் தரும் தகவல்களை மூளைதான் பிரித்துப் பார்த்து, வேண்டாததை ஒதுக்குகிறது. பஸ் ஸ்டாண்டு இரைச்சலிலும் நாம் செல்போனில் பேச முடிவது இதனால்தான். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த ஒதுக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. மின்விசிறிச் சத்தம், டியூப் லைட் மினுக்கல், பாப்கார்ன் வாசனை, சட்டைக் காலரின் உரசல் எல்லாமே ஒரே நேரத்தில் மோதும்.

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். தியேட்டரில் சண்டைக் காட்சியின் உச்ச ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடும். நமக்கே நெஞ்சு அதிரும். அந்தப் பிள்ளைக்கு அது வலி! வாயால் சொல்லத் தெரியாததால் கத்துகிறது, தலையில் அடித்துக்கொள்கிறது, வெளியே ஓடுகிறது.

இன்னும் சிலருக்கு நேர் எதிர். அவர்களுக்கு உணர்ச்சி போதாது. அதனால் குதிப்பார்கள், சுற்றுவார்கள், கையை உதறிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில், இப்படிப் புலன் உணர்வு கூடுவதும் குறைவதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

வெளியேற்றப்பட்ட சிறுமியால் வந்த மாற்றம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007-ம் ஆண்டு ஆட்டிசம் உள்ள 7 வயது மகளோடு ஒரு தாய் சினிமாவுக்குப் போனார். பாட்டு வந்ததும் சிறுமி எழுந்து கையை ஆட்டிக் குதித்தாள். மற்றவர்கள் புகார் செய்ய, இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. கொலம்பியா நகரில் உள்ள ஏ.எம்.சி. தியேட்டரை அணுகி, இந்த மாதிரி பிள்ளைகளுக்கென்று ஒரு தனிக் காட்சி போட முடியுமா என்று கேட்டார். தியேட்டரும் சம்மதித்தது. முதல் காட்சிக்கே பிள்ளைகளும் பெற்றோருமாக சுமார் 300 பேர் வந்துவிட்டார்கள். வீட்டிலேயே முடங்கிக் கிடந்த குடும்பங்கள் எத்தனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு இந்தக் காட்சிகள் வேறு ஊர்களுக்கும் பரவின.

அங்கே செய்த மாற்றங்கள் இவ்வளவுதான்:-

* விளக்கை முழுக்க அணைப்பதில்லை.

* சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள்.

* விளம்பரம், டிரெய்லர் கிடையாது. நேராகப் படம்தான்.

* எழுந்து நடக்கலாம், ஆடலாம், கத்தலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

* ஒத்துக்கொள்ளும் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு வரலாம்.

2011 அக்டோபரில் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே நாடக அரங்கிலும் 'தி லயன் கிங்' இதேபோல நடத்தப்பட்டது. கண்ணைக் கூசும் விளக்குகளைத் தவிர்த்து, ஒலியைக் குறைத்தார்கள். மனசு கலங்கினால் வெளியே வந்து அமைதியாக உட்கார தனி இடமும் ஒதுக்கினார்கள்.

சட்டத்திலேயே இருக்கு!

"இதெல்லாம் வெளிநாட்டில் சரி, நம்ம ஊருக்கு ஆகுமா?" என்று கேட்கலாம். நம் நாட்டுச் சட்டமே இதைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. பழைய 1995 சட்டத்தில் 7 வகை குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது 21 வகை. ஆட்டிசமும் அதில் சேர்ந்துவிட்டது.

இந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாகக் கலை, பண்பாடு, பொழுதுபோக்கில் பங்கேற்க மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. அதற்கான ஏற்பாடுகளைச் செய்வது அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் கடமை. நடனம், ஓவிய வகுப்பு, முகாம் எல்லாம் அந்தப் பிரிவிலேயே குறிப்பிடப்பட்டுள்ளன. ஆக, இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை அல்ல.

சினிமா தியேட்டர்களுக்காக மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஆனால் அது பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கானது. சத்தமே தாங்காத பிள்ளைகளின் பிரச்சினைக்கு அதில் வழி இல்லை.

மெரினா காட்டும் வழி

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கடல் அலை அருகே போக, மெரினாவில் விவேகானந்தர் இல்லம் அருகே 2022 நவம்பரில் மரத்தாலான நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். செலவு 1.14 கோடி ரூபாய். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது.

சக்கர நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பாதை போட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் புரிகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தேவையோ கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கால் நடக்க முடியாதவருக்கு மரப்பாதை எப்படியோ, அப்படித்தான் இந்தப் பிள்ளைக்குக் குறைந்த சத்தமும் கொஞ்சம் வெளிச்சமும். மரப்பாதைக்குக் கோடி ரூபாய் ஆனது. வால்யூமைக் குறைக்கவோ காசு எதுவும் ஆகாது!

வீட்டில் இருந்தே தொடங்கலாம்

தனிக் காட்சி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் இப்போதே செய்யக்கூடியவை:-

* போகும் இடத்தின் போட்டோவை இரண்டு மூன்று நாள் முன்பே பிள்ளைக்குக் காட்டுங்கள். 'முதலில் பஸ், அப்புறம் டிக்கெட், அப்புறம் படம்' என்று வரிசையாகச் சொல்லி வையுங்கள். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும்.

* கூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள். வார நாட்களின் காலைக் காட்சி நல்லது. வெளியே போகிற வழிக்குப் பக்கத்து சீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

* விளம்பரம் முடிந்து படம் தொடங்கியதும் உள்ளே போகலாம். சத்தத்தைக் குறைக்கும் காது மூடி உதவும்.

* முதல் தடவையே முழுப்படம் வேண்டாம். 20 நிமிஷம் உட்கார்ந்தாலே வெற்றிதான். சிரித்த முகத்தோடு வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

* எழும்பூர் அருங்காட்சியகம், வண்டலூர் உயிரியல் பூங்கா என்றால் வார நாள் காலையில் போகலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும், வண்டலூருக்கு செவ்வாய்க்கிழமையும் விடுமுறை.

* கோயிலுக்குத் திருவிழா நாளில் போகாமல், மேளமும் மணியும் ஒலிக்காத நேரமாகக் கேட்டுப் போங்கள்.

* கடற்கரைக்கு அதிகாலை சிறந்தது. மணல் ஒட்டுவது பிடிக்காத பிள்ளைக்கு செருப்பும் விரிப்பும் எடுத்துப் போங்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் ஓடிவிடுவார்கள். கையை விடாதீர்கள். சட்டைப் பையில் செல்போன் நம்பர் எழுதிய சீட்டு கண்டிப்பாக இருக்கட்டும்.

* தீபாவளிக்கு தமிழக அரசு 2018 முதல் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என வெடி வெடிக்க நேரம் ஒதுக்கி வருகிறது. அந்த நேரத்துக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வைத்து, ஜன்னலைச் சாத்தி, பிடித்த பாட்டைப் போட்டுவிடலாம்.

மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் ஒருவரும் அரசு சாதாரண நகரப் பஸ்களில் கட்டணம் இல்லாமல் பயணம் செய்யலாம். 2021-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தால் போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

வளர்ந்தவர்களையும் மறக்கக்கூடாது

5 வயதுப் பிள்ளை கையை உதறிக்கொண்டு குதித்தால் "குழந்தைதானே" என்று விட்டுவிடுவார்கள். அதையே 25 வயது வாலிபர் செய்தால் பார்க்கிறவர்கள் பயப்படுகிறார்கள், சிலர் செல்போனில் வீடியோ எடுக்கிறார்கள். ஆட்டிசம் வயதானால் போய்விடுகிற வியாதி அல்ல. பள்ளி வயது முடிந்ததும் பலருக்கு வீட்டின் நாலு சுவர்தான் உலகம் என்றாகிவிடுகிறது. பாட்டு, படம், கடல் காற்று எல்லாம் அவர்களுக்கும் வேண்டும்.

ஒரே பகுதியில் இருக்கும் பத்து இருபது குடும்பங்கள் ஒன்று சேர்ந்து, கூட்டம் வராத ஒரு காலைக் காட்சியைக் கேட்டால் தியேட்டருக்கும் நஷ்டம் இல்லை. காலியாகக் கிடக்கும் சீட்டுகள்தானே நிரம்பும்! கொலம்பியாவிலும் ஒரே ஒரு தாய் போய் மேனேஜரிடம் கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

அதுவரை பக்கத்து சீட்டில் இருப்பவர்களும் உதவலாம். பிள்ளை கத்தினால் திரும்பி முறைக்க வேண்டாம், புத்திமதி வேண்டாம். "பரவாயில்லம்மா, உட்காருங்க" என்ற ஒரு வார்த்தை போதும். அந்தக் குடும்பம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தைரியமாக வெளியே கிளம்பும்.