ஏழுமலையான் வீட்டைத் துடைக்கும் நாள்

திருமலையில் ஆண்டுக்கு நான்கு செவ்வாய்க்கிழமைகளில் காலை தரிசனம் சில மணி நேரம் நின்றுபோகும். உள்ளே நடப்பது, நம் மொழியில் சொன்னால், வீட்டு வேலை. யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்குக்கும் முந்தி வரும் செவ்வாயன்று நடக்கும் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் அது. மூலவரைத் துணியால் போர்த்திவிடுவார்கள். மற்ற விக்கிரகங்களும் பூஜைப் பாத்திரங்களும் வெளியே வந்துவிடும். சுவர், மேற்கூரை, தரை எல்லாம் தண்ணீர்விட்டுக் கழுவியபின், நாமக்கட்டி, ஸ்ரீசூரணம், மஞ்சள், கிச்சிலிக்கிழங்கு, பச்சைக் கற்பூரம், சந்தனம், குங்குமம் கலந்த பரிமளத்தை எங்கும் தெளிப்பார்கள். பிறகு போர்வையை விலக்கி, பூஜையும் நைவேத்தியமும் முடித்துக் கதவு திறப்பார்கள்.

நடுவில் இருப்பவர் அசைவதில்லை, சுற்றியுள்ளவைதான் இடம்பெயர்கின்றன. நம் ஹாலில் அந்த நடு இடம் டி.வி.க்கு. சோபா, நாற்காலி, தாத்தாவின் கட்டில் எல்லாம் அதைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பழைய வேட்டியால் போர்த்திப் பாருங்கள். நாற்காலிகள் தாமாகவே ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். இதற்குப் புது சோபா வாங்க வேண்டியதில்லை.

திருமலையில் வியாழக்கிழமைகளில் இன்னொரு மாற்றம். அன்று காலை சுவாமியின் நகைகளைக் களைந்துவிடுவார்கள். கண்களைப் பாதி மறைக்கும் பெரிய திருநாமத்தைச் சிறிதாக்குவார்கள். வேட்டி, உத்தரீயம் மட்டும். மற்ற நாட்களில் தெரியாத கண்கள் அன்று தெரியும் என்பதால் நேத்ர தரிசனம் என்கிறார்கள். மாலையில் பூவே ஆடையாகப் பூலங்கி சேவை. தினம் பார்க்கிற அர்ச்சகருக்குக்கூட வியாழக்கிழமை முகம் வேறாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எதையும் கூட்டவில்லை, குறைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

குறைப்பதுதான் நமக்குக் கஷ்டம். திருப்பதி, சித்தூர் வீடுகளில் தேவஸ்தானக் காலண்டரை வருஷம் முடிந்தும் கழற்ற மனம் வராது, சாமி படமாயிற்றே! புதியது பழையதன் மேலேயே ஏறி, ஆணி தாங்காமல் தொங்கும். கூடாது என்று யார் சொல்வது? பழைய படத்தைப் பூஜையறைக்கு மாற்றி, அந்தச் சுவரை ஒரு மாதம் வெறுமையாக விடலாம். பிறகும் ஏதாவது வேண்டுமென்று கண் கேட்டால், பக்கத்துக் காளஹஸ்தியில் கையால் எழுதிய கலம்காரித் துணி ஒன்று போதும்.

சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய வாய்ப்பு இரண்டு. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஊர். தை பிறக்குமுன் போகியும் உண்டு, பங்குனி வாக்கில் யுகாதியும் உண்டு. இரண்டு முறை பரண் காலியாகும். ஆனால் ஒட்டடை அடித்தபின் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. அங்கேதான் கோட்டை விடுகிறோம். திரும்ப வைக்கும் நேரம்தான் யோசிக்க வேண்டிய நேரம். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் யார்? பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் கட்டிலிலிருந்து தெரிவது பீரோவின் முதுகா, தெருவா? ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போடக் கால் மணி நேரம் ஆகாது. வடக்கே தலை வைக்க மட்டும் ஒப்பமாட்டார்கள். மற்ற மூன்று திசையும் காலிதான்.