உங்களுக்குத் தெரியுமா? மடிப்புக்கு மேலே எழும் பூ

வாழ்த்து அட்டையை மடித்ததும் மடிப்புக்கு மேல் ஒரு பூ தலைநீட்டும். ஒட்டியதல்ல, அதே அட்டையில் பாதி மட்டும் வெட்டியது! கையால் சுற்றும் டை கட்டிங் இயந்திரத்தில் மேல்தகடு அழுத்தும் இடத்தில்தான் வெட்டு விழும். ஆகவே பூ வடிவ வெட்டச்சின் (டை) மேல்பாதிக்கு மட்டும் தகடு, கீழ்ப்பாதி வெளியே. தகட்டின் ஓரம் மடிப்புக்கோட்டிலேயே நிற்கட்டும், நூலளவு பிசகினாலும் பூ கோணிவிடும்.

வெட்டையும் மடிப்பையும் சேர்த்துவைத்ததே ஒரு விபத்துதான். 1879-இல் அமெரிக்காவில் ராபர்ட் கேரின் அச்சகத்தில், காகிதப் பையில் மடிப்புக்கோடு போடவேண்டிய உலோகப் பட்டை இடம் பிசகிப் பைகளை வெட்டித் தள்ளியது. ஒரே அழுத்தலில் வெட்டும் மடிப்புக்கோடும் விழும் அட்டைப்பெட்டி அதில் பிறந்தது.

மீண்டும் நம் இயந்திரத்துக்கு: லேஸ் மாதிரி நுணுக்கமான டையில் தாள் சிக்கிக்கொள்கிறதா? டைக்கும் தாளுக்கும் இடையே மெழுகுத்தாள் வையுங்கள், கிழியாமல் கழன்றுவரும்.