ஒரு கம்பிதானே என்று விட்டுவிடலாமா?

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின் போது, மூலையில் கிடந்த சைக்கிள்களெல்லாம் எமது ஊர்களில் மீண்டும் வெளியே வந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் குர்ஆன் மத்ரஸாவுக்கும் அதிலேயே போய்வரப் பழகிவிட்டார்கள். காற்று இருக்கிறதா, பிறேக் பிடிக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறோம். சில்லுக் கம்பி ஒன்று உடைந்திருந்தால் மட்டும் 'ஒரு கம்பிதானே' என்று விட்டுவிடுகிறோம்.

பழைய பெரிய சைக்கிளில் பொதுவாக முன் சில்லில் 32 கம்பிகளும் பின் சில்லில் 40 கம்பிகளும் இருக்கும். இவை தூண்களைப் போல பாரத்தைத் தாங்கி நிற்கின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கடையில் ஹப் என்பார்களே, அந்த நடுக்குடத்தை நோக்கி றிம்மை அவை இழுத்துப் பிடிக்கின்றன. பாதிக் கம்பிகள் வலப்பக்கம் இழுக்க, பாதி இடப்பக்கம் இழுக்க, சில்லு நேராக ஓடுகிறது. ஒன்று அறுந்தால் அந்த இடத்தில் றிம் மறுபக்கம் சாய்ந்து பிறேக் கட்டையில் உரசும். அறுந்ததன் சுமை அயலிலுள்ள கம்பிகள் மீது விழ, நாளடைவில் அவையும் உடையும். பின் கரியரில் குழந்தையை வைத்துக்கொண்டு போகும்போது இது நடந்தால் என்னவாகும்? நீட்டிக்கொண்டு நிற்கும் துண்டு பிள்ளையின் குதிகாலையும் கிழிக்கும், அபாயாவின் ஓரத்தையும் சுற்றி இழுக்கும். 'அல்லாஹ் காப்பான்' என்பது உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வருகிறதே!

இது ஆண்களின் வேலை என்று சில சகோதரிகள் நினைக்கலாம். தையல் மெஷினில் நூலின் இழுவையைச் சரிபார்க்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தையல்ல.

உடைந்த துண்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய், அதே நீளமும் அதே தடிப்பும் உள்ள கம்பியையும், அதற்கான நிப்பிள் என்ற சிறு சுரையையும், கம்பி இறுக்கும் சாவியையும் வாங்குங்கள். நீளம் சற்று மாறினாலும் பயனில்லை. சில்லைக் கழற்றி, டயரையும் டியூபையும் எடுத்துவிடுங்கள். புதிய கம்பியைக் குடத்தின் துவாரத்தில் நுழையுங்கள். எந்த வழியாகக் கொண்டு போவது என்ற குழப்பம் இங்கேதான் வரும். குடத்தின் அதே பக்கத்தில், ஒரு துவாரம் தள்ளியிருக்கும் கம்பியைப் பாருங்கள். அதன் தலை உட்புறமா வெளிப்புறமா, அது எந்தக் கம்பிக்கு மேலாகவும் எதற்குக் கீழாகவும் போகிறது என்று கவனித்து, அப்படியே இதையும் கொண்டுபோய் நிப்பிளில் பூட்டுங்கள்.

பிறகு சில்லைச் சைக்கிளில் மாட்டி, தலைகீழாக நிறுத்திச் சுற்றுங்கள். றிம் நடுவுக்கு வரும்வரை நிப்பிளைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். டயர்ப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையே இறுக்கும் திசை. அவசரப்பட்டு ஒரேயடியாக முறுக்கினால் றிம் இந்தப் பக்கம் நெளிந்துவிடும். விரலால் தட்டிப் பாருங்கள். அதே பக்கத்துக் கம்பிகளின் ஓசையோடு ஏறக்குறைய ஒத்துவந்தால் போதும். கம்பியின் நுனி நிப்பிளைத் தாண்டி றிம்முக்குள் நீட்டியிருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். இல்லாவிட்டால் டியூபைக் குத்திவிடும். அதன்பிறகே டியூபையும் டயரையும் போடுங்கள்.

பின் சில்லில் சங்கிலிப் பக்கத்துக் கம்பி உடைந்தால் பற்சக்கரத்தைக் கழற்ற வேண்டிவரும். அதைக் கடையிலேயே கொடுங்கள். கொண்டுபோகும் வரை உடைந்த துண்டை அடுத்த கம்பியில் சுற்றிக் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டே செல்லுங்கள். கரியரில் பிள்ளை வேண்டாம்.