பொம்பா வீரர் பணியில் உயிரிழந்தால் குடும்பத்திற்கு என்ன கிடைக்கும்?

2018 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு, பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானா அருகே உள்ள பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி, தீயணைப்பு மீட்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் நீரில் இறங்கினர். பலத்த நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. ஆறு வீரர்கள் உயிரிழந்தனர்.

அதற்கு மறு மாதம், நவம்பர் 27-ஆம் தேதி, சுபாங் ஜெயா சீபீல்ட் ஆலயக் கலவரத்தின்போது கடமையில் இருந்த வீரர் முகமட் அடிப் முகமட் காசிம் படுகாயமடைந்தார். டிசம்பர் 17-ஆம் தேதி அவர் காலமானார். வயது 24. திருமணத்திற்குச் சில நாள்களே இருந்தன.

இறுதி மரியாதை முடிந்து, வந்தவர்கள் கலைந்து சென்ற பிறகு, இத்தகைய குடும்பங்களின் வீட்டில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அடுத்த மாதச் செலவுக்கு என்ன வழி? அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தால், ஒரு கட்டத்தில் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

நம் பிள்ளைகள் சிலரும் பொம்பாவில் பணியாற்றுகிறார்கள். பணியில் உயிரிழப்பவரின் குடும்பத்திற்குச் சட்டம் என்ன தருகிறது, அதைப் பெற என்ன தேவை என்பதை அந்தக் குடும்பங்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டம் தரும் மூன்று உதவிகள்

ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள நிரந்தர அரசு ஊழியர்களுக்கு 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் பொருந்தும். பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ-வின் பாரங்களில் இந்த உதவிகள் மலாய்ப் பெயரில்தான் இருக்கும்.

முதலாவது, 'கன்ஜாரான் தெர்பித்தான்'. இது ஒரே தடவையில் வழங்கப்படும் பணிக்கொடை. கடைசிச் சம்பளத்தில் 7.5 விழுக்காட்டை, பணியாற்றிய மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் இத்தொகை வரும்.

இரண்டாவது, 'பென்சென் தெர்பித்தான்'. இறந்தவருக்குச் சேர வேண்டிய ஓய்வூதியம் மாதந்தோறும் குடும்பத்திற்குச் செல்லும். கடைசிச் சம்பளத்தை 600-ஆல் வகுத்து, பணியாற்றிய மாதங்களால் பெருக்க வேண்டும். அதிகபட்சம் 360 மாதங்கள், அதாவது 30 ஆண்டுகள்தான் கணக்கில் சேரும்.

மூன்றாவது, 'பென்சென் தங்குங்கான்'. பணியில் இருக்கும்போது நோயாலோ வேறு காரணத்தாலோ இறப்பவரின் குடும்பத்திற்கும் முதல் இரண்டும் உண்டு. இந்த மூன்றாவது, கடமையின் காரணமாக உயிர் போனால் மட்டுமே கூடுதலாகக் கிடைப்பது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் 20 ஆண்டுகள், அதாவது 240 மாதங்கள் பணியாற்றியவர். கடைசி அடிப்படைச் சம்பளம் 3,000 ரிங்கிட். இந்தக் கணக்கின்படி பணிக்கொடை 54,000 ரிங்கிட். மாத ஓய்வூதியம் 1,200 ரிங்கிட். அலவன்ஸ் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. 3,000 ரிங்கிட்டும் அலவன்சும் வந்துகொண்டிருந்த வீட்டிற்கு 1,200 ரிங்கிட் எந்த மூலைக்கு? அதனால்தான் மூன்றாவது உதவியைக் கேட்டு வாங்குவது முக்கியமாகிறது.

இதற்கு, மரணம் கடமையோடு தொடர்புடையது என்று உறுதியாக வேண்டும். மரணம் அன்றே நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. கடமையில் பட்ட காயமே பின்னர் உயிரைப் பறித்தது என்றாலும் அது கடமை மரணம்தான். எனவே போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தினர் கேட்டுப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும்.

யாருக்குச் சேரும்?

மனைவி அல்லது கணவர் முதலில் வருவார். திருமணமாகாத, 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் தகுதி பெறுவர். உயர்கல்வி பயிலும் பிள்ளைக்கு முதல் பட்டம் முடியும் வரை தொடரும். உடற்குறையோ மனநலக் குறையோ உள்ள, சுயமாகச் சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையும் சேரும்.

திருமணமாகாதவர் இறந்தால், அவர் சம்பாத்தியத்தை நம்பி வாழ்ந்த தாய் தந்தையர் பென்சென் தங்குங்கான் கோரிக்கையை எழுப்பலாம். நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு இச்சட்டத்தில் இடமில்லை.

ஒப்பந்த ஊழியர்களுக்கு வழி வேறு. அவர்கள் சொக்சோவில் வருவார்கள். பணி விபத்தில் உயிரிழந்தால், சராசரி தினச் சம்பளத்தில் 90 விழுக்காடு வரை சார்ந்திருப்போர் உதவியாக வழங்கப்படும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. தொண்டூழியத் தீயணைப்புப் படையில் இருப்பவர்களுக்கு அரசு ஓய்வூதியம் கிடையாது. தங்களுக்கு எந்தக் காப்புறுதி உள்ளது என்பதை அவர்கள் படையில் சேரும்போதே கேட்டு எழுத்துப்பூர்வமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நன்கொடை வேறு, உரிமை வேறு

ஒரு வீரர் உயிரிழந்தால் அமைச்சு, அரசு சாரா அமைப்புகள், பொதுமக்கள் எனப் பலரும் உதவ வருவார்கள். அந்தக் காசோலைகளின் படங்கள் நாளிதழிலும் வரும். அந்த உதவிகள் பெரிய ஆறுதல்தான். ஆனால் அவை ஒரு முறை வந்து நின்றுவிடும். செய்தியில் பெரிதாக வந்த மரணத்திற்கு அதிகமாகவும், வராத மரணத்திற்குக் குறைவாகவும் வரும். சட்டம் தருவது அப்படியல்ல. அது யாரும் மனமிரங்கிக் கொடுப்பதல்ல, இறந்தவர் உழைத்துச் சேர்த்து வைத்த உரிமை. அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

காகிதத்தில் சிக்கும் குடும்பங்கள்

உரிமை இருந்தும் பணம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் ஆவணங்களே காரணம். நம்மவர்களிடையே முதலில் நிற்பது திருமணப் பதிவு. முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்களை 1982 மார்ச் 1 முதல் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரையே அழைத்து விருந்து வைத்தாலும், பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் 'நான் அவர் மனைவி' என்று நிரூபிக்க அந்தப் பெண் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். இருவரும் உயிரோடு இருக்கும்போது ஜேபிஎன் அலுவலகத்தில் முடித்துவிடக்கூடிய வேலை அது.

அடுத்தது பிறப்புப் பத்திரம். தந்தை பெயர் இல்லாத பிறப்புப் பத்திரம் பிள்ளையின் கோரிக்கையைச் சிக்கலாக்கும். அண்ணன் பிள்ளையை, தங்கை பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்ப்பது நம் வீடுகளில் சகஜம். ஆனால் சட்டப்படி தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளையின் கோரிக்கை, எத்தனை பாசமாக வளர்ந்திருந்தாலும், சிக்கலாகலாம்.

மூன்றாவது இபிஎஃப் வாரிசு நியமனம். பொம்பாவில் சேரும் முன் தனியார் துறையில் வேலை செய்தவர்களுக்கு அங்கே சேமிப்பு இருக்கலாம். திருமணத்திற்கு முன் எழுதி வைத்த பெயரே இன்னமும் இருந்தால், மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும்.

பொம்பாவில் பணியாற்றுவோர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு இருக்கட்டும். பணி நியமனக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், இபிஎஃப் வாரிசு நியமன நகல், ஓய்வூதியத் திட்டமா இபிஎஃப் திட்டமா என்பதைக் காட்டும் கடிதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பது மனைவிக்கும், விவரம் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் பேசினால் அபசகுனம் என்று பல வீடுகளில் வாயை மூடச் சொல்வார்கள். ஆனால் எரியும் கட்டடத்திற்குள் போகும் வீரர் தலைக்கவசம் அணியாமல் போவதில்லை. இந்தக் கோப்பு, அவர் தம் குடும்பத்திற்கு அணிவித்துவிட்டுப் போகும் கவசம்.