18 வயதுக்குப் பிறகு யார் காப்பாளர்?

கீழப்பாவூர் வட்டார வணிகர் வீடுகளிலும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் உண்டு. கடையை அவன் பெயரில் எழுதி வைத்தால் போதும் என நாம் எண்ணுகிறோம். போதாது. 18 வயது நிறைந்தவனுக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். நாம் நம்பும் ஒருவரையே கேட்டு மனுச் செய்யலாம். தென்காசி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கவும்.

காப்பாளர் சொத்துக்கு உடையவர் அல்லர். 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். சொத்தைக் கையாடினால் நீக்கப்படுவார்.

நாம் கண்ணை மூடிய பின் பிள்ளை தவிக்கக் கூடாது. இருக்கும்போதே ஏற்பாடு செய்வோம்.