கூப்பிடு தூரத்து வாடிக்கையாளர்

குன்றத்தூர் மலையடிவாரத்துக் கடைத்தெருவுக்கு மூன்று விதமான ஆட்கள் வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள் ஒரு சாரார். கிருத்திகைக்கும் முகூர்த்த நாளுக்கும் முருகனைத் தேடி வந்து அன்று மாலையே திரும்பிவிடுபவர்கள் இன்னொரு சாரார். மூன்றாமவர்கள் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில் வீடு வாங்கியோ வாடகைக்கோ குடிவந்தவர்கள். காலையில் போரூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு சேருகிறவர்கள். சேக்கிழார் பிறந்த ஊர் என்ற பெயரோடு நெடுங்காலம் அமைதியாக இருந்த பேரூராட்சி, 2021இல் நகராட்சியானதே இந்த மூன்றாமவர்களின் பெருக்கத்துக்குச் சாட்சி. உள்ளூர் வியாபாரம் பழகியிருப்பது முதல் இரண்டு சாராரிடம். பழைய குடும்பங்களுக்குக் கடைக்காரரைப் பெயர் சொல்லித் தெரியும். கோயிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்ட கடையில் நுழைவார்கள். மூன்றாமவருக்கோ அடுத்த தெருவில் நல்ல தையற்காரர் இருப்பதே தெரியாது. குறைந்த செலவில் விளம்பரம் செய்வது எப்படி என்று கேட்கிற சிறு வியாபாரிக்கு என் பதில் இவரிடமிருந்துதான் தொடங்குகிறது. கையில் இருக்கிற சிறு தொகையை ஊரெல்லாம் தெரியவேண்டும் என்று இறைப்பதைவிட, கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்குத் தேவை வருகிற நேரத்தில் நம் கடை நினைவுக்கு வரும்படி செலவழிப்பதே லாபம்.

இதற்கு நேர்மாறான வழிதான் நம் புறநகர்களில் இன்னமும் பழக்கத்தில் இருக்கிறது. கடை திறப்பு என்றால் பிளெக்ஸ் பேனர், ஆண்டுவிழா என்றால் அதைவிடப் பெரிய பிளெக்ஸ் பேனர். பல்லாவரம் சாலையில் பைக்கில் விரைகிறவரின் கண்ணில் அது ஓரிரு நொடிதான் தங்கும். அப்படி விரைகிறவர்களில் பெரும்பாலோர் அனகாபுத்தூருக்கோ பம்மலுக்கோ போகிறவர்கள். அந்தக் கடைப்பக்கம் ஒருநாளும் வண்டியை நிறுத்தப்போவதில்லை. வராத ஆளுக்காகவும் சேர்த்துப் பணம் கட்டுகிறோம் என்பது கணக்கு. கணக்கைவிடப் பெரிய காரணமும் உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில், அனுமதியில்லாமல் வைக்கப்பட்டிருந்த திருமண பேனர் ஒன்று சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் நிலைதடுமாறி விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். உயர் நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. அது நடந்தது நம் தென்புறநகரின் சாலையில்தான். அதற்குப் பிறகும் நடைபாதையில் கம்பு நட்டுப் பேனர் கட்டுவதை விளம்பரம் என்று ஒரு வியாபாரி நினைத்தால், தன் கடைக்கு வரவேண்டியவர்களின் உயிரை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்வேன்.

நம் பழைய வியாபாரிகள் இதைவிடத் தெளிவாகச் சிந்தித்தவர்கள். தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகிறது. மாதிரியைப் பார்த்துக் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கிறார்கள். தை பிறப்பதற்குள் அது வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஏறிவிடுகிறது. ராகுகாலம் பார்க்க, கிருத்திகை எப்போது என்று பார்க்க, பால் கணக்கு எழுத என்று அந்த வீட்டார் 365 நாளும் அந்தக் கடையின் பெயருக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். ஒரு முறை கொடுத்த காசுக்கு ஓராண்டு நினைவு. மஞ்சப்பையும் அப்படித்தான். ஜவுளிக்கடைப் பெயரைத் தாங்கிக்கொண்டு அது சந்தைக்கும், ரேஷன் கடைக்கும், ஊருக்குப் போகிற பேருந்துக்கும் போய்வந்தது. பிளாஸ்டிக் கேரிபேக் வந்து அதை ஓரங்கட்டியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. சட்டமும் சூழலும் சேர்ந்து திறந்துவிட்ட இந்த வாசலைக் குன்றத்தூர் வியாபாரிகள் முழுதாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. முகூர்த்த நாளில் இங்கே எத்தனை திருமணங்கள் நடக்கின்றன! ஒவ்வொன்றிலும் தாம்பூலப் பை கைமாறுகிறது. பையின் ஒரு பக்கத்தில் மணமக்கள் பெயர் இருக்கட்டும். மறுபக்கத்தை ஒரு பாத்திரக்கடையோ சமையல் ஒப்பந்தக்காரரோ ஏற்று, அச்சுச் செலவில் பாதியைப் பெண்வீட்டாரோடு பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் மிச்சம்.

காலண்டரும் பையும் பழங்கதை, இன்றைய போட்டிக்கு உதவுமா என்று கேட்கலாம். இவற்றின் உள்ளே இருக்கிற தத்துவம், திரும்பத் திரும்பக் கைக்கு வருவது. அதை வைத்தே ஒரு பெரிய நிறுவனம் இதே தமிழ்நாட்டில் எழுந்திருக்கிறது. கடலூரில் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு சி.கே. ரங்கநாதன் தொடங்கிய ‘சிக்’ ஷாம்புதான் பின்னாளில் கவின்கேர் ஆனது. பெரிய கம்பெனிகளோடு விளம்பரத்தில் மோத அவரிடம் பணம் இல்லை. காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் சரி என்று முதலில் இருந்த நிபந்தனை, பிறகு சிக் பாக்கெட் மட்டுமே என்று மாறியது. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமாக உயர்ந்ததென்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூர்ந்து பார்த்தால், அவர் செலவழித்த ஒவ்வொரு இலவசப் பாக்கெட்டும் ஏற்கெனவே ஷாம்பு வாங்குகிறவரின் கைக்குத்தான் போயிற்று. ஷாம்புவே போடாதவருக்காக ஒரு காசும் வீணாகவில்லை. ஒரு தெருமுனை டீக்கடைக்காரரோ சலூன்காரரோ பத்து முறை வந்தவருக்குப் பதினோராவது முறை இலவசம் என்று அட்டை அடித்துக் கொடுப்பதும் இதே வழிதான்.

இன்றைய மூன்றாமவர் தேடுகிற இடம் கைப்பேசி. ‘பக்கத்தில் பிளம்பர்’ என்று அவர் தேடும்போது வரைபடத்தில் வருகிற நான்கைந்து பெயர்களில் நம் பெயர் இருக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவுசெய்யக் கட்டணம் இல்லை. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். சரக்கின் படத்தையும் விலையையும் அதிலேயே அடுக்கி வைக்கலாம். இலவசம் என்பதாலேயே பலர் அரைகுறையாகச் செய்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். திறக்கும் நேரம் தவறாக இருக்கும், மாறிப்போன பழைய எண் அப்படியே இருக்கும், ஆங்கிலத்தில் ஒரு பெயரும் பலகையில் வேறொரு பெயரும் இருக்கும். தேடி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால் அடுத்த முறை வரமாட்டார். கடைப் பெயர்ப்பலகையும் ஒரு விளம்பரமே. தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் அதற்கு அடுத்தும் பிறமொழி கடைசியாகவும் 5:3:2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது அரசு விதி. பலகையில் இருக்கிற அதே பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும், வரைபடத்திலும் இருந்தால் தேடுகிறவர் குழம்பமாட்டார். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எண்ணைக் கட்டாயப்படுத்தி வாங்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. கேட்டுக் கொடுத்தவருக்கு மட்டும், மாதம் ஓரிரு செய்தி என்று அனுப்பினால் அது உறவு; தினம் காலை ‘குட் மார்னிங்’ படத்தோடு தள்ளுபடி அனுப்பினால் மறுநாளே பிளாக் செய்துவிடுவார். சொந்தக்காரர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடவைப்பதும் வேண்டாம். அப்படி ஏமாந்து ஒருமுறை வந்தவர், மனம் நொந்து எழுதுகிற ஒரு வரி அத்தனை நட்சத்திரத்தையும் அடித்துவிடும்.

சரக்கு நல்லதாக இருந்தால் வாய்ச்சொல்லே போதும், இதெல்லாம் எதற்கு என்பது அனுபவசாலிகள் எழுப்பும் ஆட்சேபம். அவர்கள் காலத்தில் அது முழு உண்மை. ஆனால் வாய்ச்சொல் பழக்கம் இருக்கிற வழியில்தான் நடக்கும். திண்ணையும் கோயில் பிராகாரமும் தண்ணீர்க் குழாயடியும் இருந்தபோது ஒரு வீட்டின் நல்ல அனுபவம் பத்து வீட்டுக்குப் போயிற்று. பூட்டிய கதவுகளும் லிஃப்டும் உள்ள அடுக்குமாடியில் அந்தப் பேச்சு குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியிருக்கிறது. அங்கே ஒருவர் ‘நல்ல எலக்ட்ரீசியன் யாராவது தெரியுமா’ என்று கேட்கும்போது, யாரோ ஒருவர் அனுப்புவதற்கு வசதியாகத் தெளிவான ஒரு எண்ணும் ஒரு படமும் நம்மிடம் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்புகிறவர்தான் அதற்கு வழி வெட்டிக் கொடுக்கவும் வேண்டும்.

தள்ளுபடியே சிறந்த விளம்பரம் என்பது அடுத்த ஆட்சேபம். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கும் பொருளில் லாபம் 20 ரூபாய். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90, லாபம் 10. பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு விற்க வேண்டும். அந்த அளவுக்குக் கூட்டம் கூடாவிட்டால் தள்ளுபடி என்ற பெயரில் நம் கூலியைத்தான் கொடுத்துவிட்டோம். தவிர, விலைக்காக வந்தவர் அடுத்த தெருவில் இன்னொரு ரூபாய் குறைந்தால் அங்கே போய்விடுவார். தேங்கிப்போன சரக்கைத் தள்ள ஆடித்தள்ளுபடி நியாயம். ஆண்டெல்லாம் அதையே வியாபாரமாக்குவது சிறு கடைக்குத் தாங்காது. பெரிய கடைக்கு மொத்த கொள்முதலில் கிடைக்கிற விலை நமக்குக் கிடைப்பதில்லை.

பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளுக்கு முன் இந்த யோசனைகள் எம்மாத்திரம் என்ற கேள்விதான் உண்மையிலேயே கனமானது. வேகத்திலும் விலையிலும் அவற்றோடு போட்டியிடச் சொல்வது பொய்யான ஆறுதல். பிஸ்கட்டும் சோப்பும் மட்டும் விற்கிற கடைக்கு வரும் ஆண்டுகள் கடினமானவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ரவிக்கையின் கைக்குழியைச் சரிசெய்வதையும், மிக்ஸியின் ஜாருக்கு வாஷர் மாற்றுவதையும், கல்யாணத்துக்கு எத்தனை கிலோ அரிசி வேண்டும் என்று கணக்குச் சொல்வதையும் செயலி செய்யாது. அந்தச் சேவையோடு சரக்கைச் சேர்த்து விற்கும் கடைக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்தச் சேவை தன்னிடம் உண்டு என்று அந்தக் கடை வெளியே சொல்வதேயில்லை என்பதுதான் குறை.

சொல்வதற்கு ஒவ்வொரு கடையிலும் செய்தி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, சோப்பு, ஷாம்பு, பற்பசை போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. அன்று காலை கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, பத்துப் பொருள்களின் பழைய விலையையும் புதிய விலையையும் எழுத ஒரு சாக்பீஸ் துண்டு போதும். விலை குறைந்ததைத் தானாகச் சொல்கிற கடைக்காரரை மக்கள் மறப்பதில்லை. அந்த நம்பிக்கை விலை ஏறுகிற நாளிலும் உதவும். செய்தியே ஒரு தொழிலைத் தூக்கி நிறுத்தியதற்கு நம் பக்கத்திலேயே அனகாபுத்தூர் இருக்கிறது. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற துணியை நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பிய ஊர் அது. அந்த ஏற்றுமதி அற்றுப்போனபோது தறிகள் ஒன்றொன்றாக நின்றன. எஞ்சிய நெசவாளர்களில் சி. சேகர் முதலானோர் வாழைநாரிலும் சணலிலும் இன்னும் பல இயற்கை நார்களிலும் சேலை நெய்யத் தொடங்கினார்கள். 25 வகை நாரில் நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. விளம்பரத்துக்கு அவர்களிடம் பணம் இருந்ததில்லை. நிருபர்கள் தாங்களாகத் தேடிவந்து எழுதினார்கள். அதனால் எல்லாத் தறியும் பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. பட்டுத்தறி ஓடும் குன்றத்தூரிலோ அந்த அளவுக்குக்கூடச் செய்தி வெளியே போகவில்லை. இங்கே நெய்த பட்டு காஞ்சிப் பட்டின் பெயரில் கரைந்துவிடுகிறது. மலைக்குத் திருமணத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, கீழே உள்ள தெருவில் தறி ஓடுவது தெரியும்?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் லேத், சிஎன்சி பட்டறைகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களின் வாடிக்கையாளர் தெருவில் நடக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ கொள்முதல் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறார். அவர்களுக்கு உத்யம் பதிவும், அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் தளத்தில் இடமும், குறித்த நாளில் சரக்கைக் கொடுத்த பெயரும்தான் விளம்பரம். உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

கல்லாவையும் கவனித்து, கொள்முதலுக்கும் ஓடும் தனி ஆள் இத்தனையையும் எப்போது செய்வார் என்ற கடைசி ஆட்சேபத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. பாதி விடை இருக்கிறது. தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்யலாம். 1994இல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ அந்தப் பகுதி வீடுகளுக்கு இலவசமாகப் போன வார இதழ். அக்கம்பக்கக் கடைகளின் சிறு விளம்பரங்களே அதன் செலவைச் சுமந்தன. குழாயில் தண்ணீர் வராதது, தெரு தோண்டப்பட்டது, கோயில் உற்சவம், கோலப்போட்டி என்று தன் பகுதிச் செய்தி இருந்ததால் மக்கள் படித்தார்கள். படித்ததால் விளம்பரம் பலித்தது. குன்றத்தூரில் நாற்பது கடைகள் சேர்ந்து மாதம் ஒரு தாள் அச்சிட்டால், ஒரு பேனரின் செலவில் ஒரு சிறு பங்குதான் ஒவ்வொருவர் தலையிலும் விழும். ஒரு பக்கம் ஊர்ச் செய்தி: ஆடிக் கிருத்திகையன்று எந்தத் தெரு அடைக்கப்படும், சொத்து வரி கட்டக் கடைசி நாள் எது, மின்தடை என்று. மறுபக்கம் நாற்பது பெயர், நாற்பது எண், ஒவ்வொன்றுக்கும் இன்ன வேலை செய்து தருவோம் என்று ஒரு வரி. காலையில் நாளிதழ் போடுகிற பையன்கள் வழியாக அடுக்குமாடிகளுக்கு அனுப்பலாம். அதையே படமாக எடுத்துக் குடியிருப்போர் குழுக்களில் போடலாம். மே 5 வணிகர் தினத்துக்குக் கூடும் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எழுதவும் வடிவமைக்கவும் ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து அமர்த்தினால், முதல் தாள் அந்த ஆடிக் கிருத்திகைக்கே வீடு சேர்ந்துவிடும்.