காலுக்குக் கீழே இரண்டு காவலர்கள்!

பாலசமுத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 5 குதிரை சக்தி மோட்டார் ஒன்று போதும். தோட்டத்துக்கே தண்ணீர் பாய்ச்சிவிடும். அப்படிப்பட்ட 21 மோட்டார்களின் சக்தியை ஒரு சின்னஞ்சிறு காருக்குள் அடக்கினால்? அதை ஓட்டுகிறவர் ஒரு கல்லூரி மாணவர் என்றால்?

இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். பழனியில் கோவைக்குப் பஸ் ஏறினால் போதும்! கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 'கரி' மோட்டார் பந்தயத் திடல் இருக்கிறது. அங்கே நடப்பதுதான் 'பார்முலா பாரத்' போட்டி. பொறியியல் மாணவர்கள் தாங்களே கார் செய்து, தாங்களே ஓட்டுகிறார்கள். அதில் மின்சார கார்களும் உண்டு.

இந்தக் காரின் சக்தி 80 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. மின் அழுத்தம் 600 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான். அதைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. அப்படியானால் இது எப்படிப்பட்ட நெருப்பு, பாருங்கள்!

பொய் சொன்னால் என்ன ஆகும்?

மின்சார காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், 'சென்சார்' என்ற சிறு கருவி அதை அளக்கிறது. 'இவ்வளவு மிதித்தார்' என்று மின்னணுப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது. பெட்டி அதை நம்பி, மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது.

சென்சார் பழுதாகிப் பொய் சொன்னால்? கால் எடுத்த பிறகும் கார் சீறிப் பாயுமே!

அதனால்தான் ஒரு விதி: மிதியில் குறைந்தது இரண்டு சென்சார்கள் வேண்டும். இரண்டின் கணக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டு, அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் நீடித்தால், மோட்டாருக்கு மின்சாரம் உடனே நின்றுவிட வேண்டும். இரண்டு சாட்சிகள் மாறுபட்டால் வழக்கு தள்ளுபடி!

இரண்டு மிதியும் ஒன்றாகவா?

பதற்றத்தில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்துவிட்டால்? அப்போதும் மின்சாரம் நின்றுவிடும். பிரேக்கை விட்டால் மட்டும் கார் ஓடாது. ஆக்சிலரேட்டரிலிருந்தும் காலை எடுக்க வேண்டும். பிறகு புதிதாக மிதித்தால்தான் ஓடும்.

இது நமக்குப் புதிதா? கரண்டு போய் வந்தால், கிணற்றடியில் உள்ள சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தானாக ஓட விடாது. நாம் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். அதே அறிவுதான் இங்கேயும்!

மின்சார கார் சத்தமில்லாமல் நிற்கும். ஆகவே, 'புறப்படத் தயார்' என்று அது ஒலி எழுப்ப வேண்டும். மழை போலத் தண்ணீர் தெளித்தும் சோதிக்கிறார்கள்.

2023 பிப்ரவரி 11-ந் தேதி ஐதராபாத்தில், உசேன் சாகர் ஏரிக்கரையில் உலக மின்சார கார் பந்தயம் நடந்தது. அதில் ஓடியவர்கள் தேர்ந்த வீரர்கள். செட்டிபாளையத்தில் ஓட்டுபவர்களோ வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள். அவளுக்காகத்தான் இத்தனை விதிகளும்!

வேகமாக ஓடும் கார் செய்வது திறமை. தவறு நேர்ந்தால் தானே நின்றுவிடும் கார் செய்வதே அறிவு!